வீசிங்கா, மூச்சுக்குழாய்ச் சுருக்கமா? – கேள்வி பதில்

காரைக்குடி: டாக்டர், எங்க ஆச்சிக்கு 52 வயசு. ஆஸ்துமான்னு ஒரு வருஷமா இன்ஹேலர். மாடிப்படி ஏறினா வீசிங் சத்தம் அப்படியேதான் இருக்கு.

சத்தம் எப்போது வருகிறது? மூச்சை விடும்போது நெஞ்சில் கேட்டால் பெரும்பாலும் ஆஸ்துமா. இழுக்கும்போது வந்து, ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் வைத்தால் இன்னும் பலமாகக் கேட்டால், குரல்நாணுக்குச் சற்றுக் கீழே அடைப்பு இருக்கலாம். அங்கே இறுகிய தழும்பை இன்ஹேலர் தளர்த்தாது. ஸ்பைரோமெட்ரியில் (குழாயில் ஊதிப் பார்க்கும் மூச்சுச் சோதனை) எண்களோடு கிராஃபையும் கேட்டு வாங்குங்கள்; இழுக்கும் பக்கம், விடும் பக்கம் இரண்டும் மொட்டையாகத் தட்டையாக இருந்தால் அசையாத அடைப்பு. நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கும், அதை நம்பி உட்காராதீர்கள். இ.என்.டி. மருத்துவர் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும், கழுத்துக்கு சி.டி.யும் வேண்டும்.

தேவகோட்டை: இந்தச் சுருக்கத்துக்கும் ரத்தக்குழாய் அழற்சிக்கும் என்ன சம்பந்தம்?

ஜி.பி.ஏ. என்ற நோயில் (பழைய சீட்டுகளில் ‘வெகனர்’ என்றிருக்கும்) உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறு ரத்தக்குழாய்களைத் தாக்கும். சிலருக்கு இந்தச் சுருக்கமே முதல் அறிகுறி. மூக்கில் ரத்தப் பொருக்கு, தீராத சைனஸ், காதில் நீர், மூக்குத்தண்டு அமுங்குவது, கண் சிவப்பு உண்டா என்று பாருங்கள்.

பள்ளத்தூர்: ஜி.பி.ஏ.வுக்குப் பார்க்கிற ரத்த டெஸ்ட், ஆன்கா, நெகட்டிவ். அப்ப இல்லைதானே?

அப்படி முடிவு கட்ட முடியாது. நோய் மேல்மூச்சுப்பாதையோடு நின்றால் நெகட்டிவ் வரலாம். பயாப்ஸியிலும் வெறும் தழும்பே தெரியலாம். மறுபுறம், டி.பி.யிலும் ஆன்கா பாசிட்டிவ் வருவதுண்டு, அதையும் விலக்க வேண்டும். முன்பு வென்டிலேட்டர் குழாய் போட்டிருந்தால் சொல்லிவிடுங்கள், அதுவும் காரணமாகலாம். சிறுநீரில் ரத்தம், புரதம், ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் அளவு) மூன்றையும் பார்த்தே ஆகணும்: இந்நோயில் சிறுநீரகம் வலிக்காமலே கெடும்.

திருப்பத்தூர்: ஸ்டீராய்டு மாத்திரையில விரிஞ்சிடுமா?

வீக்கம் வடியும், பழைய தழும்பு விரியாது. மயக்கம் கொடுத்து, உள்ளே கீறி, பலூனால் விரித்து, அங்கேயே மெத்தில்பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். மறுபடி சுருங்குவது சகஜம். உடல் முழுதும் நோய் இருந்தால் தனி வைத்தியம்: எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ரிட்டுக்சிமாப் மருந்து 1 கிராம், இரண்டு வார இடைவெளியில் 2 முறை என்பது ஒரு வழக்கமான அளவு. அதற்கு முன் ஹெபடைட்டிஸ் பி, டி.பி. சோதனை கட்டாயம். ஸ்டீராய்டு மாத்திரையான பிரட்னிசலோனைச் சட்டென்று நிறுத்தக் கூடாது.

கோட்டையூர்: ஆக்ஸிமீட்டர் 97 காட்டுதே, காலை வரை பொறுக்கலாமா டாக்டர்?

அந்த எண் கடைசி நேரத்தில்தான் இறங்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே சத்தம், கழுத்துக்குழி உள்வாங்குவது, ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாதது, இதில் எது இருந்தாலும் உடனே 108. மதுரைக்குக் காரில் கிளம்பாதீர்கள். கழுத்து சி.டி. ஃபிலிமைக் கையோடு கொண்டுபோய் மயக்க மருத்துவரிடம் காட்டுங்கள். வழக்கமான அளவு வென்டிலேட்டர் குழாய் அந்த இடத்தில் நுழையாது, சின்ன அளவை அவர் முதலிலேயே எடுத்து வைப்பார்.