பழைய மெழுகுவர்த்தித் தாங்கிகளை ஜோடியாகத்தான் வாங்க வேண்டுமா?

கேள்வி: லண்டனில் புதிதாகக் கட்டிய அடுக்ககம் ஒன்றில் வசிக்கிறோம். மேசை, அலமாரி எல்லாம் வெளிர்நிற மரத்தில் செய்த, வேலைப்பாடு இல்லாத நவீனப் பொருட்கள். பழம்பொருள் சந்தையில் ஒருவர், 18ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேயப் பித்தளை மெழுகுவர்த்தித் தாங்கிகள் என்று ஒரு ஜோடியைக் காட்டி அதிக விலை சொல்கிறார். எங்கள் வீட்டுக்கு அவை பொருந்துமா? வாங்கலாமா?

பதில்: பொருந்தும். வேலைப்பாடு குறைந்த அறையில்தான் பழைய பித்தளையின் மங்கிய பொன்னிறமும் கடைந்தெடுத்த தண்டின் வளைவுகளும் எடுப்பாகத் தெரியும். ஆனால், அலங்காரம் மட்டுமே உங்கள் நோக்கமென்றால் ஜோடிக்காகப் பணத்தைக் கொட்டாதீர்கள் என்பேன். ஒன்றுக்கொன்று இணையான ஜோடிக்கு, இரண்டு ஒற்றைத் தாங்கிகளின் கூட்டு விலையைவிடக் கணிசமாக அதிகம் கேட்பது இந்த வணிகத்தின் வழக்கம். கணப்பு மாடத்தின் இருபுறமும் சமச்சீராக வைப்பவருக்கு அந்த விலை நியாயம். உங்கள் வீட்டு நீள அலமாரிக்கோ, உயரத்தில் வேறுபட்ட மூன்று ஒற்றைகள் இன்னும் அழகு சேர்க்கும். உலோகம் ஒன்றாக இருக்கட்டும். அப்போது 18ஆம் நூற்றாண்டின் திரண்ட தண்டும் 1950களின் மெலிந்த ஸ்காண்டிநேவியத் தாங்கியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் கண்ணை உறுத்தாது.

ஜோடியே வேண்டுமென்றால் தண்டை நன்றாகப் பாருங்கள். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஏறத்தாழ நூறு ஆண்டுகள், இங்கிலாந்தில் தண்டை இரண்டு பாதிகளாக வார்த்து, பற்றவைத்து இணைத்தார்கள். வாயால் ஊதி ஆவி படியச் செய்தால், மேலிருந்து கீழாக எதிரெதிரே ஓடும் இரண்டு மெல்லிய இணைப்புக் கோடுகள் பெரும்பாலும் புலப்படும். கோடு இல்லாமல், எரிந்து தீர்ந்த மெழுகை மேலே தள்ளும் கம்பி மட்டும் அடியில் இருந்தால், அது 19ஆம் நூற்றாண்டினதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இணைப்புக் கோடுகளைப் போலியாகவும் உண்டாக்க முடியும் என்பதால், கைபடும் விளிம்புகள் மழுங்கியிருக்கின்றனவா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ரசீது. காலம், நாடு, உலோகம் மூன்றையும் அதில் எழுதித் தரச் சொல்லுங்கள். பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் வணிகர் விற்கும் பழைய பொருளுக்கும் பொருந்தும். விவரித்தபடி பொருள் இல்லையென்றால் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தை முழுமையாகப் பெறலாம். வாய்மொழியாகச் சொன்னதைப் பின்னால் நிரூபிப்பது கடினம். எழுதித் தரத் தயங்குகிறவரிடம் அந்த விலைக்கு வாங்க வேண்டாம்.

கேள்வி: வெள்ளித் தாங்கி ஒன்று நல்ல கனமாக இருக்கிறது. மொத்த எடைக்கும் வெள்ளி விலை கணக்கிட்டுக் கேட்கிறார்கள். சரியா?

பதில்: சரியல்ல. பல தாங்கிகள் மெல்லிய வெள்ளித் தகட்டில் செய்யப்பட்டு, சாயாமல் நிற்பதற்காக உள்ளே தாரோ சாந்தோ நிரப்பப்பட்டவை. அடியில் பச்சைக் கம்பளித் துணி ஒட்டி மூடியிருந்தால் இந்த ஐயம் வலுக்கும். கையில் தெரியும் கனத்தில் பெரும்பகுதி அந்த நிரப்புப் பொருளுடையதே.

வெள்ளிதானா என்பதை முத்திரை சொல்லும். ஆங்கிலேய ஸ்டெர்லிங் வெள்ளியில் (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி உள்ள கலவையில்) நடக்கும் சிங்கம் பொறிக்கப்பட்டிருக்கும். உடன் இருக்கும் குறி, வெள்ளியைச் சோதித்து முத்திரையிட்ட நகரைக் காட்டும்: நங்கூரமென்றால் பர்மிங்காம், 1974 வரையிலான கிரீடமென்றால் ஷெஃபீல்டு. ‘ஈ.பி.என்.எஸ்.’ என்றிருந்தால் அது நிக்கல் கலந்த உலோகத்தின் மீது மின்சாரத்தால் வெள்ளி முலாம் பூசியது. 1840இல் எல்கிங்டன் நிறுவனத்தார் காப்புரிமை பெற்ற முறையிலிருந்து பரவியது. முலாம் பூசியதும் அழகானதே. அழகுக்கு உரிய விலையை மட்டும் கொடுங்கள். தார் நிரப்பிய தாங்கியில் ஒட்டிய மெழுகை எடுக்க அதை வெந்நீரில் அமிழ்த்தாதீர்கள்; தார் இளகிவிடும்.

கேள்வி: பழைய தாங்கியில் இன்றைய மெழுகுவர்த்தி ஆடுகிறது. ஏற்றலாமா?

பதில்: ஆடும்போது ஏற்றக் கூடாது. பழைய தாங்கிகளின் குழிகள் ஒரே அளவினவல்ல. மெழுகுவர்த்திகளைப் பிடித்து நிறுத்த விற்கப்படும் ஒட்டும் மெழுகில் சிறிது குழியின் அடியில் வைத்து அழுத்தினால் நேராக நிற்கும். மரத் தாங்கியானால் குழிக்குள் உலோகக் கிண்ணம் இருந்தால் மட்டுமே ஏற்றுங்கள்.