19ஆம் நூற்றாண்டு அரச குடும்பப் பெண்களின் கடிதங்களுக்கு உண்மையிலேயே அரசியல் செல்வாக்கு இருந்ததா?

இருந்தது. ஆனால் ‘கடிதம் போட்டார், போர் நின்றது’ என்ற மாதிரிக் கதைகளைத் தேடினால் ஏமாற்றம்தான். எனக்கு மிகவும் பிடித்த ஒரு தாய், மகளை வைத்துச் சொல்கிறேன்: இங்கிலாந்து ராணி விக்டோரியாவும் அவருடைய மூத்த மகள் விக்கியும்.

விக்கி 1858-ல், 17 வயதில், பின்னாளில் ஜெர்மனியை ஒன்றிணைத்த பிரஷ்யாவின் இளவரசர் ஃபிரெடரிக்குக்கு வாழ்க்கைப்பட்டு பெர்லின் போனார். அன்றிலிருந்து 1901-ல் ராணி இறக்கும்வரை இருவரும் விடாமல் எழுதினார்கள். ஆளுக்கு ஏறத்தாழ 4,000 கடிதங்கள்! பிள்ளைகளின் உடம்பு, வீட்டுக் கவலை என்று போகிற கடிதத்திலேயே பெர்லினில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பதும் வந்துவிடும். தூதரின் அறிக்கையை அமைச்சர்களும் படிப்பார்கள். இது ராணியின் கைக்கு மட்டும் வரும் செய்தி. அமைச்சர்களோடு வாதாட அவருக்கு அது பெரிய பலம்.

1875-ல் ஜெர்மனி மறுபடியும் பிரான்ஸ் மீது பாயப்போகிறது என்று ஐரோப்பா முழுக்கப் பதற்றம். விக்டோரியா ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டருக்கு நேரடியாகவே எழுதினார். அவரும் பெர்லினுக்கு வந்து சமாதானத்தை வலியுறுத்தினார். போர் வரவில்லை. இங்கிலாந்து, ரஷ்ய அரசுகளும் அழுத்தம் கொடுத்தன என்பதால் முழுப் பெருமையையும் கடிதத்துக்குக் கொடுக்க மாட்டேன். பங்கு உண்டு, அவ்வளவுதான்.

விக்கியின் நிலைமை வேறு. ஜெர்மனியின் தலைமை அமைச்சர் பிஸ்மார்க்கை எதிர்த்து அவர் ஏறக்குறைய எல்லாவற்றிலும் தோற்றார். ‘இங்கிலீஷ்காரி’ என்ற சந்தேகம் கடைசிவரை விலகவில்லை. தாய்க்கு எழுதிய கடிதங்களே அதற்குத் தீனி. கணவர் 1888-ல் ஜெர்மன் பேரரசர் ஆனபோது தொண்டைப் புற்றுநோயால் பேச்சே போயிருந்தது. ஆண்டது 99 நாள்.

சரி, தோற்றுப்போன ஒரு பெண்ணின் காகிதங்களுக்கு மதிப்பில்லை என்றால் அவர் மகன் இரண்டாம் வில்ஹெல்ம் ஏன் அப்படி நடந்துகொண்டார்? தகப்பனார் உயிர் பிரிந்த அன்றே அரண்மனையைப் படையால் வளைத்து, தாயின் அறைகள் உட்படச் சோதனை போட வைத்தார். முக்கியமான காகிதங்களைத் தம்பதியர் முந்தின வருடமே இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்கள்.

1901-ல் விக்கி புற்றுநோயால் படுத்த படுக்கை. தம்பி ஏழாம் எட்வர்ட் பார்க்க வந்தபோது, கூட வந்த செயலர் பொன்சன்பியைத் தனியாக அழைத்தார்: என் கடிதங்களை இங்கிலாந்துக்குக் கொண்டுபோ, என் மகனுக்குத் தெரியக் கூடாது. சின்னக் கட்டு என்று நினைத்திருந்தார் பொன்சன்பி. நள்ளிரவு தாண்டி, குதிரை லாயத்து ஆட்கள் நான்கு பேர் இரண்டு பெரிய பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்கள். ஒன்றின்மேல் புத்தகம் என்றும், இன்னொன்றின்மேல் பீங்கான் என்றும் அவர் எழுதி ஒட்டினார். மற்ற சாமான்களோடு சாமான்களாக, வில்ஹெல்மின் ஆட்கள் கண்ணெதிரேயே அவை வெளியே போயின. தன் சொல் தனக்குப்பின் எரிந்து போகக் கூடாது என்று சாவை எதிர்நோக்கும் நேரத்திலும் ஏற்பாடு செய்தாரே, அந்த உறுதியை நினைத்தால் எனக்கு இன்னமும் மலைப்புதான்.

1928-ல் பொன்சன்பி அவற்றை நூலாக்கினார். பதவி இழந்து ஹாலந்தில் இருந்த வில்ஹெல்ம் தடுக்கப் பார்த்தார், முடியவில்லை.