அம்மாவோடு ஒரே நாளில் பாரதியின் புதுச்சேரி

திங்களன்று சென்னையிலிருந்து போய்த் திரும்ப வேண்டும், முட்டிவலி உள்ள அம்மா பாரதி வீட்டைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். முதலில் கிழமையை மாற்றுங்கள். பாரதி வீடு இப்போது அருங்காட்சியகம்; திங்கள் பொதுவாக அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை.

பாரதி 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்தார். ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் உள்ள வீட்டுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன் வீடு. ஆட்டோவில் சில நிமிடம்தான். அப்புறம் கருவடிக்குப்பம் சித்தானந்த சாமி கோயில். பாரதி பாடிய இடம், அம்மா நிச்சயம் மகிழ்வார். பிரெஞ்சுத் தெருக்களை ஆட்டோவிலிருந்தே பார்த்தால் போதும், என்னைக் கேட்டால்.

மாலை ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். அதற்கு முன்பே காந்தி சிலையருகே அம்மாவை இறக்கி உட்காரவைத்துவிடுங்கள்.