வரைந்த படம் எப்படி ஓடுகிறது? அனிமேஷன் என்றால் என்ன?

கொஞ்சம் கொஞ்சமாக மாறும் அசையாப் படங்களை வேகமாக அடுத்தடுத்துக் காட்டி, அசைவதுபோலத் தோன்ற வைப்பதுதான் அனிமேஷன்.

எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் திருவிழாவுக்குச் சீரியல் பல்பு கட்டுவார்கள். வெளிச்சம் பந்தலைச் சுற்றி ஓடும். உண்மையில் எந்த பல்பும் நகர்வதில்லை. ஒன்று அணைய, அடுத்தது எரிகிறது. இடைவெளியை 'ஓட்டம்' என்று நிரப்புவது நம் மூளை. அதே ஏமாற்றுதான் இங்கும்.

1832-இல் பெல்ஜியத்தின் ஜோசப் பிளாட்டோ, சுழலும் வட்டத்தட்டில் இதைச் செய்து காட்டினார். 1892-இல் பாரிஸில் எமில் ரெய்னோ வரைந்த படங்களைத் திரையில் ஓடவிட்டார். அப்புறம் சினிமா வந்தது. நொடிக்கு 24 படம் என்ற கணக்கும் வந்தது. ஒவ்வொரு ஓவியத்தையும் இரண்டு முறை காட்டினால் 12 ஓவியமே போதும். வரைபவர் கைக்கு அவ்வளவு மிச்சம்!

ஆனால் வேகம் மட்டும் போதாது. பந்து தரையில் படும்போது சப்பையாகவும், எகிறும்போது நீண்டும் வரைய வேண்டும். மேலே போகப் போக ஓவியங்களை நெருக்கமாக வைத்தால் வேகம் குறையும். இல்லாவிட்டால் அது பந்தாகவே தெரியாது, வழுக்கிப் போகும் வட்டம்தான். என்னைக் கேட்டால் கலையே இங்கேதான்.

பாலக்காட்டுத் தோல்பாவைக்கூத்தையும் அனிமேஷன் என்று சிலர் சொல்வதுண்டு. 21 விளக்கு வெளிச்சத்தில், கம்பராமாயணப் பாட்டோடு ஆடும் அந்தப் பாவை நிஜமாகவே அசைகிறது. அனிமேஷனில் எதுவுமே அசைவதில்லை.