மார்பகக் கட்டி: ஊசியா, கத்தியா, காத்திருப்பா? கேள்வி பதில்

மார்பகச் சிகிச்சைப் பிரிவில் தாதியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் சிங்கப்பூரின் பல பகுதிகளிலிருந்து வந்த இக்கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். உங்கள் படங்களை நான் பார்க்கவில்லை. ஆகவே என் பதில் உங்கள் மருத்துவரின் முடிவுக்கு மாற்றாகாது. அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதில் மட்டும் உதவும்.

ஈசூன், வயது 43: அக்கா, மேமோகிராமில் (மார்பக எக்ஸ்ரே) ஏதோ தெரிகிறது என்று மருத்துவமனைக்கு அழைத்து, மறுபடி படமும் அல்ட்ராசவுண்டும் எடுத்தார்கள். “பைராட்ஸ் 3, ஆறு மாதம் கழித்து வாருங்கள்” என்கிறார்கள். என் நாத்தனார், உடனே வெட்டி எடுத்துவிடு என்கிறார்.

பைராட்ஸ் என்பது கதிரியக்க மருத்துவர்கள் படத்தை மதிப்பிடும் அளவுகோல். 3 என்றால் அநேகமாகத் தீங்கற்றது, புற்றாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை என்று பொருள். இந்த மதிப்பை முதல் படத்தை வைத்தே கொடுத்துவிடக் கூடாது. உங்களுக்குச் செய்ததைப் போல் கூடுதல் படங்களைப் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும். காத்திருப்பு என்பதும் சும்மா இருப்பது அன்று. வழக்கமாக 6, 12, 24 ஆகிய மாதங்களில் படம் எடுத்து, ஒவ்வொன்றையும் பழைய படத்தோடு ஒப்பிடுவார்கள். மாறினால் ஊசி மூலம் திசு எடுத்துச் சோதிப்பார்கள் (பயாப்சி), மாறாவிட்டால் நிம்மதி. 1991இல் வெளியான சான் ஃபிரான்சிஸ்கோ ஆய்வில், இத்தகைய 3,184 மாற்றங்களைப் பின்தொடர்ந்தபோது 17 மட்டுமே புற்றாக இருந்தன. அவையும் ஆரம்ப நிலையிலேயே பிடிபட்டன. நாத்தனாரின் அக்கறை எனக்குப் புரிகிறது, ஆனால் இந்த நிலையில் கத்திக்கு வேலை இல்லை. அடுத்த படத்தின் தேதியை இன்றே நாள்காட்டியில் குறித்து வையுங்கள். தேதியில்லாத காத்திருப்பு காத்திருப்பே அன்று. இதை நான் இன்று பலமுறை சொல்வேன்.

சுவா சூ காங்: எனக்கு பைராட்ஸ் 4ஏ என்று வந்திருக்கிறது. மூன்று மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமா?

கூடாது. 4ஏ என்றால் புற்றாக இருக்க 2 முதல் 10 சதவீதம் வரை வாய்ப்பு உண்டு. பெரும்பாலும் தீங்கற்றதாகவே முடியும். ஆனாலும் ஊசி வைத்துப் பார்த்துவிட வேண்டிய நிலை இது.

உட்லண்ட்ஸ்: ஊசி குத்தினால் புற்று உடல் முழுக்கப் பரவும் என்று ஊரிலிருந்து மாமியார் சொல்கிறார். நேரடியாக ஆபரேஷனே செய்துகொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

இந்த அச்சத்தால் மாதக்கணக்கில் தள்ளிப்போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். ஊசி பயாப்சி செய்துகொண்டவர்களின் உயிர்வாழ்வு அதனால் குறைந்ததாகச் சான்று இல்லை. முதலில் அறுவை பயாப்சி செய்தால்தான் சிக்கல்: புற்று என்று தெரியாமலே வெட்டுவதால் விளிம்பில் மிச்சம் இருந்துவிடலாம், நிணநீர்க் கணுக்களுக்கு இன்னொரு அறுவையும் தேவைப்படலாம். ஊசி பயாப்சியில் இடத்தை மரத்துப்போகச் செய்து, சிறு கீறல் வழியே அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே ஊசியைச் செலுத்துவார்கள். ஸ்டேப்ளர் அடிப்பது போன்ற சத்தம் கேட்கும். பலர் திடுக்கிடுவது வலியால் அன்று, அந்தச் சத்தத்தால்தான். நூல் போன்ற சில திசுத் துண்டுகள் கிடைக்கும். பிறகு பத்து நிமிடமாவது அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். சில நாள் கன்றிப் போயிருக்கும். ஆஸ்பிரினோ இரத்தம் உறையாமைக்கான மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பிடோக், வயது 26: ஊசியில் ஃபைப்ரோஅடினோமா என்று வந்துவிட்டது, 1.8 செண்டிமீட்டர். திருமணத்துக்கு முன் எடுத்துவிடும்படி அம்மா வற்புறுத்துகிறார்.

உங்கள் வயதில் மிகச் சாதாரணமாக வரும் தீங்கற்ற கட்டி இது. 2014இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள், இக்கட்டிகளில் ஏறத்தாழ 60 சதவீதத்தில் மெட்12 என்ற ஒரே மரபணுவில் மாற்றம் இருப்பதைக் கண்டறிந்தார்கள். படமும் ஊசி முடிவும் ஒத்துப்போய், கட்டியும் வளராமல் இருந்தால் அதை விட்டுவைக்கலாம். வேகமாக வளர்ந்தாலோ, 3 செண்டிமீட்டரைத் தாண்டினாலோ, ஃபில்லோட்ஸ் (இதைப் போலவே தோன்றும், வேகமாக வளரக்கூடிய வேறொரு வகை) கட்டியோ என்ற ஐயம் எழுந்தாலோ எடுப்பது சரி. ஃபைப்ரோஅடினோமாவையும் ஃபில்லோட்ஸையும் ஊசித் துண்டில் எப்போதும் பிரித்தறிய முடியாது. அம்மாவை அடுத்த சந்திப்புக்கு உடன் அழைத்துச் செல்லுங்கள்.

செங்காங், வயது 51: ஊசி முடிவில் புற்று இல்லை என்றார்கள், ஆனால் “இயல்பு மாறிய செல் பெருக்கம்” இருப்பதால் ஆபரேஷன் வேண்டும் என்கிறார்கள். இது முரண்பாடாக இல்லையா?

இல்லை, அம்மா. ஊசி எடுப்பது மாதிரி மட்டுமே. பால் நாளத்தில் இயல்பு மாறிய செல்கள் காணப்படும்போது, அதே இடத்தை முழுதாக எடுத்துப் பார்த்தால் அருகிலேயே புற்று இருப்பது 10 முதல் 30 சதவீதம் பேரிடம் தெரியவருகிறது. அறுவை பயாப்சி இன்றும் தேவைப்படும் நிலைகளுள் இது முக்கியமானது. இன்னொன்றும் உண்டு: படம் பார்க்கச் சந்தேகமாக இருந்து, ஊசி முடிவு ‘சாதாரணம்’ என்று வந்தால், அந்த ‘சாதாரணம்’ நல்ல செய்தி அன்று. ஊசி குறி தவறியிருக்கலாம். மறுபடி ஊசி அல்லது அறுவை தேவை. “படமும் திசு முடிவும் ஒத்துப்போகின்றனவா?” என்று உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

ஜூரோங் வெஸ்ட்: உங்கள் பேச்சு பழைய பேச்சு. அமெரிக்காவில் நாளத்துக்குள் இருக்கும் புற்றையே வெட்டாமல் காத்திருக்கலாம் என்று நிரூபித்துவிட்டார்கள். பிறகு ஏன் ஊசி, கத்தி என்று பெண்களைப் பயமுறுத்துகிறீர்கள்?

ஐயா, நீங்கள் சொல்வது கோமெட் ஆய்வு. அதன் முடிவுகள் 2024 டிசம்பரில் வெளியாயின. குறைந்த அபாயமுள்ள டிசிஐஎஸ் (நீங்கள் சொன்ன, பால் நாளத்துக்குள்ளேயே அடங்கிய புற்று) உள்ள பெண்களில், உடனே அறுவை என்ற பிரிவில் 5.9 சதவீதத்தினருக்கும், கண்காணிப்புப் பிரிவில் 4.2 சதவீதத்தினருக்கும் இரண்டு ஆண்டுகளில் நாளத்தைத் தாண்டி ஊடுருவும் புற்று தென்பட்டது. முக்கியமான ஆய்வு, நானும் மதிக்கிறேன். ஆனால் அதில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் முதலில் பயாப்சி நடந்திருக்கிறது. என்ன நோய், எந்தத் தரம் என்று தெரிந்த பிறகே அவர்கள் காத்திருந்தார்கள். தொடர்ந்து படமும் எடுத்தார்கள். இந்நோய்க்கு இரண்டு ஆண்டு என்பது குறுகிய காலமும்கூட.

ஜூரோங் வெஸ்ட் (மீண்டும்): தேவையில்லாமல் எத்தனை பெண்களுக்கு அறுவை நடக்கிறது என்று ஏன் சொல்லவில்லை?

நடக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேவையற்ற அறுவையைத் தடுப்பதே இந்த ஊசிதான். பயாப்சியே வேண்டாம் என்று நீங்கள் சொன்னால், யார் காத்திருக்கலாம், யார் காத்திருக்கக் கூடாது என்பதை எதை வைத்துப் பிரிப்பது? இங்கே பெண்களுக்கு வரும் புற்றுகளில் முதலிடம் மார்பகப் புற்றுக்குத்தான். “காத்திருக்கலாம்” என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, கையில் தட்டுப்படும் கட்டியோடு ஒரு பெண் வீட்டில் இருந்துவிடுவாளோ என்பதே என் கவலை. இதற்கு மேல் இவ்விவாதத்தைத் தொடரப் போவதில்லை, மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

பொங்கோல்: பைராட்ஸ் 3 என்றால் புற்றா?

இல்லை. ஈசூன் சகோதரிக்கு எழுதியதைப் படியுங்கள்.

தோ பாயோ: எனக்கும் பைராட்ஸ் 3. ஆறு மாதம் போகாமல் விட்டால் என்ன?

தேதியில்லாத காத்திருப்பைப் பற்றி மேலே சொன்னதுதான் இதற்கும் பதில். தவறவிட்டிருந்தால் நாளைக் காலையிலேயே மருத்துவமனையை அழைத்துப் புதிய தேதி வாங்குங்கள்.

கேலாங்: மஞ்சள் பற்றுப் போட்டால் கட்டி கரையுமா?

கரையாது. தோல்தான் புண்ணாகும்.

ஹவ்காங்: பயாப்சிக்கு மெடிசேவிலிருந்து (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) எவ்வளவு எடுக்கலாம்?

இது என் துறை அன்று. மருத்துவமனையின் நிதி ஆலோசனைப் பிரிவில், சிகிச்சைக்கு நாள் குறிக்கும் முன்பே கேளுங்கள்.

புக்கிட் பாத்தோக், ஆண், வயது 60: எனக்கு ஒரு பக்கம் மட்டும் காம்புக்குக் கீழே கெட்டியாக இருக்கிறது. கேட்கவே கூச்சமாக உள்ளது.

கூச்சப்படாதீர்கள், ஐயா. ஆண்களுக்கும் மார்பகப் புற்று வரும், அரிதாக. இந்த வாரமே பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) செல்லுங்கள்.

செம்பவாங், வயது 47: மகள் பிரசவத்துக்காகச் சென்னையில் நான்கு மாதம் தங்குகிறேன். இரண்டாவது கண்காணிப்புப் படம் நடுவில் வருகிறது. அங்கேயே எடுத்துக்கொள்ளலாமா?

முடிந்தால் கிளம்பும் முன் மருத்துவமனையை அழைத்து, தேதியைச் சில வாரம் முன்னுக்குக் கொண்டுவர முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் அங்கேயே எடுங்கள். ஆனால் இங்குள்ள பழைய படங்களைக் குறுந்தட்டில் வாங்கிச் செல்லுங்கள். அறிக்கைத் தாள் மட்டும் போதாது. ஒப்பிடுவதற்குப் படமே வேண்டும். அங்கு எடுத்த படத்தையும் அப்படியே வாங்கிவந்து இங்கே கொடுத்துவிடுங்கள். இடையில் கட்டி பெரிதானாலோ, தோல் குழிந்தாலோ, காம்பில் இரத்தம் கசிந்தாலோ, தேதிக்காகக் காத்திராமல் அங்கேயே மருத்துவரைப் பாருங்கள்.