இரணைமடுவில் தொடங்கி நைல் நதிக்குப் போங்கள்

கேள்வி: கிளிநொச்சிப் பக்கம் ஒரு பாடசாலையில் தரம் 10, 11க்குப் புவியியலும் குடியியலும் படிப்பிக்கிறேன். உலக அபிவிருத்திப் பிரச்சினைகள் என்று வந்தால் பிள்ளைகள் ஐ.நா.வின் நிலைபேறான அபிவிருத்தி இலக்குகள் 17ஐயும் வரிசை தப்பாமல் சொல்வார்கள், அதற்கு மேல் ஒன்றும் வராது. வறிய நாடுகளைப் பற்றி ஒருநாள் சொல்லிக்கொண்டிருக்க, "அப்ப நாங்கள் ஆர் ரீச்சர், வறியாக்களோ?" என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. வகுப்பில் இருப்பது ஒரு மடிக்கணினி, இணையம் வந்தால் வந்ததுதான். எங்கே தொடங்குவது?

பதில்: அந்தப் பிள்ளை கேட்ட இடத்திலேயே தொடங்குங்கள் ரீச்சர். உங்களுக்குப் பதில் வராததற்குக் காரணம், அதற்கு ஒரு பதில் இல்லை என்பதுதான், யார் எதைக்கொண்டு அளக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது மாறும், அதைக் கரும்பலகையிலேயே காட்டலாம்.

மூன்று அளவுகோல்களை எழுதுங்கள். முதலாவது உலக வங்கியுடையது, ஆளுக்குச் சராசரி வருமானம் எவ்வளவு என்று மட்டும் பார்ப்பது. 2019இல் இலங்கையை உயர் நடுத்தர வருமான நாடு என்று ஏற்றினார்கள், அடுத்த வருடமே தாழ் நடுத்தர வருமான நாடு என்று இறக்கிவிட்டார்கள். இரண்டாவது, 1990இல் பாகிஸ்தான் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக், அமர்த்தியா சென் போன்றவர்களோடு சேர்ந்து கொண்டுவந்த மனித அபிவிருத்திச் சுட்டி. இது ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கிறது, இதன்படி இலங்கை 'உயர்' பிரிவில் நிற்கிறது. அமெரிக்கரின் சராசரி வருமானம் எங்களுடையதைப் போல இருபது மடங்களவு, ஆனால் ஆயுளில் அப்படிப் பெரிய வித்தியாசம் இல்லை. ஏன் என்று பிள்ளைகளைக் கேளுங்கள், இலவச ஆசுபத்திரியும் 1940களில் கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்தில் வந்த இலவசக் கல்வியும் அவர்கள் வாயிலிருந்தே வரும். மூன்றாவது, எங்கள் தொகைமதிப்புத் திணைக்களம் 2016இல் எடுத்த வீட்டு வருமான, செலவுக் கணக்கு. அதில் நாட்டின் வறுமை 4.1 சதவீதம், கொழும்பு 0.9, கிளிநொச்சி 18.2, அதுதான் நாட்டிலேயே ஆகக் கூடியது. ஆக ஒரே நாடு ஒரு கணக்கில் உயர்வு, இன்னொரு கணக்கில் நடுத்தரம், அதற்குள்ளே எங்கள் மாவட்டம் கடைசி. சராசரி என்பது எதை மறைக்கிறது என்று இதைவிட வடிவாகக் காட்ட வேறு உதாரணம் தேட வேண்டாம்.

இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது, பிள்ளைகளுக்கு அது நன்றாகப் பிடிக்கும். 2019 கணக்கில் நாட்டின் வறுமை 14.3 சதவீதம் என்று வந்தது, முல்லைத்தீவு 44.5. மூன்று வருடத்தில் நாடு அவ்வளவு விழுந்துவிட்டதா என்றால் அப்படியில்லை, இடையில் வறுமைக் கோட்டையே புதிதாகக் கணித்து மேலே தூக்கிவிட்டார்கள். உலக வங்கியும் இப்படித்தான், ஒரு காலத்தில் நாளுக்கு 1 டொலர் என்றார்கள், 2022இல் 2.15, 2025இல் 3 டொலர். சரி, இப்போது கோட்டைப் பிள்ளைகளே கீறட்டும். ஐந்து பேர் கொண்ட ஒரு கற்பனைக் குடும்பம், பரந்தனில் இருக்கிறது என்று வையுங்கள். ஒரு மாதத்துக்கு அவர்களுக்கு எது இல்லாமல் முடியாது என்று ஒவ்வொரு குழுவும் பட்டியல் போட்டு, பக்கத்துக் கடை விலையில் கூட்ட வேண்டும். அரிசி, மா, மண்ணெண்ணெயில் சண்டை வராது. ரியூசன் காசு, போன் டேட்டா, கோயில் திருவிழாச் செலவு, சைக்கிள் ரயர் இவற்றில்தான் வரும், வரட்டும். ஒரு குழுவின் தொகை மற்றதைவிடப் பல ஆயிரம் கூடும்போது, வறுமைக் கோடு ஆள் போட்டது, அதற்குப் பின்னால் ஒரு தீர்மானம் இருக்கிறது என்பது விளங்கிவிடும்.

கற்பனைக் குடும்பம் என்று சொன்னதைத் தயவுசெய்து விடவேண்டாம். யார் வீட்டில் அரசின் அஸ்வெசும உதவிப்பணம் கிடைக்கிறது, யார் வீடு இன்னும் தகரம், யாருடைய அப்பா இல்லை என்று கை தூக்க வைக்கும் பயிற்சிகள் வெளிநாட்டுக் கையேடுகளில் நிறைய உண்டு, வசதியான ஊர்ப் பிள்ளைகளுக்குத் தங்கள் வசதியைக் காட்டுவதற்கென்று எழுதியவை அவை. இங்கே அதைச் செய்தால் பாடம் நடக்காது, ஒரு பிள்ளை அடுத்தநாள் வராமல் நிற்கும். அதுபோல நுண்கடன். பங்களாதேசில் கிராமீன் வங்கி தொடங்கிய முறை, அதற்காக 2006இல் அந்த வங்கிக்கும் அதைத் தொடங்கிய முகமது யூனுசுக்கும் நோபல் பரிசு, அதே முறை இங்கே வந்தபோது பெண்களைக் கிழமைக் கிழமை துரத்திய கடனாக மாறி 2018இல் அரசு தள்ளுபடி அறிவிக்கும் அளவுக்குப் போனது. அருமையான பாடம்தான், ஆனால் பத்தாம் வகுப்பில் எடுக்காதீர்கள். கடன்காரர் வாசலில் நின்றதைப் பார்த்த பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருக்கக்கூடும்.

இனி தண்ணீர். உங்களுக்கு இரண்டு பாடவேளைதான் கிடைக்கும், மற்றதெல்லாம் விட்டுவிட வேண்டும் என்றால் இதை மட்டும் செய்யுங்கள் என்பேன்.

இரணைமடுக் குளத்தைத் தெரியாத பிள்ளை உங்கள் வகுப்பில் இல்லை. கனகராயன் ஆற்றுத் தண்ணீர், இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் வயல், 2018 டிசம்பரில் வான்கதவு திறந்து ஊர் மூழ்கியது, எல்லாம் வீட்டில் கதைத்திருப்பார்கள். அந்தக் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிதண்ணீர் கொண்டுபோக ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனில் திட்டம் வந்தது, சிறுபோகத்துக்கே தண்ணீர் போதாது என்று கமக்காரர் எதிர்த்தார்கள், கடைசியில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டி 2024இல் திறந்தார்கள். அங்கே யாழ்ப்பாணத்தில் என்ன நிலைமை? ஆறு இல்லை, சுண்ணக்கல்லுக்குள் நிற்கும் நிலத்தடி நீர்தான் எல்லாம், அதிலும் பசளையும் மலசலகூடக் குழியும் சேர்ந்து நைத்திரேற்று ஏறிக்கொண்டு போகிறது.

வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பக்கம் இரணைமடுக் கமக்காரர், மறுபக்கம் கிணறு கெட்டுப்போன யாழ்ப்பாணத்து வீட்டுக்காரர். பத்து நிமிடம் வாதாடட்டும், பிறகு பக்கத்தை மாற்றுங்கள். கிளிநொச்சிப் பிள்ளை எழும்பி நின்று யாழ்ப்பாணத்துக்குத் தண்ணீர் தா என்று நியாயம் சொல்ல வேண்டும், முதலில் சிரிப்பார்கள், பிறகு தங்களை அறியாமலே நல்ல நியாயங்களைத் தேடத் தொடங்குவார்கள். அந்த நேரம் நீங்கள் மூன்றாவது ஆள் ஒருவரை எழுப்பிவிடுங்கள், வாய்க்காலின் கடைசியில் காணி வைத்திருப்பவர். அவருக்கு யாழ்ப்பாணம் கேட்பதற்கு முன்னமே தண்ணீர் ஒழுங்காக வருவதில்லை, வாய்க்கால் தலைப்பில் இருப்பவர்கள் எடுத்தது போகத்தான் அவருக்கு. 'கமக்காரர்' என்று ஒரே ஆளாக நாங்கள் நினைத்தவருக்குள்ளேயே இரண்டு பேர் இருப்பது தெரியவரும். கடல்நீரைச் சுத்திகரிக்க மின்சாரம் வேண்டும், அந்தச் செலவை யார் கட்டுவது என்று நாலாவதாக ஒரு கேள்வியையும் போட்டுவிட்டு மணியடிக்க விடுங்கள்.

அடுத்த பாடவேளையில் அவர்களை நைல் நதிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். எதியோப்பியா நீல நைலில் 2011இலிருந்து பெரிய அணை ஒன்று கட்டி 2025 செப்டெம்பரில் திறந்தது. அந்த நாட்டில் சனத்தில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மின்சாரம் இல்லை, அணைக்காக அரச ஊழியர்களும் சாதாரண ஆட்களும் கடன் பத்திரம் வாங்கிக் காசு போட்டார்கள். கீழே எகிப்து, தண்ணீரில் தொண்ணூறு வீதத்துக்கு மேல் நைலை நம்பி இருக்கும் நாடு. 1959இல் எகிப்தும் சூடானும் ஆற்றைத் தங்களுக்குள் பங்கு போட்டு ஒப்பந்தம் எழுதின, தண்ணீரில் பெரும்பகுதி புறப்படும் எதியோப்பியா அதில் இல்லை. இவ்வளவைப் பலகையில் எழுதிவிட்டு விலகி நில்லுங்கள். முதல்நாள் குளத்துக்காக வாதாடிய பிள்ளைகளை எகிப்து ஆக்குங்கள், வேண்டுமென்றே. மேலே இருப்பவனின் நியாயத்தைப் பழகியவர்கள் இப்போது கீழே நிற்பார்கள். யார் சரி என்று நீங்கள் சொல்லத் தேவையில்லை, யார் தீர்மானித்தது, யாரைக் கேட்கவில்லை, யார் காசு போட்டது, யாருக்குப் போனது என்ற நாலு கேள்விகளும் இரண்டு இடத்துக்கும் பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள். உலக அபிவிருத்தி என்ற பாடத்தில் நான் பெரிதாக மதிப்பது அந்த நாலு கேள்விகளைத்தான், மற்றதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

17 இலக்குகளையும் மனனம் செய்துவிட்டார்கள் என்று கவலைப்பட்டீர்கள். நல்லது, மனனம் செய்ததை வைத்தே ஒரு வேலை செய்யலாம். 2015இல் 193 நாடுகள் ஏற்றுக்கொண்ட அந்தப் பட்டியலில் கண்ணிவெடி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். தேடுவார்கள், இருக்காது, 169 உப இலக்குகளிலும் இல்லை. பிறகு லாவோசைப் பற்றிச் சொல்லுங்கள். 1964இலிருந்து 1973 வரை அமெரிக்கா இருபது இலட்சம் தொன்னுக்கு மேல் குண்டு போட்ட நாடு, வெடிக்காமல் கிடந்தவை இன்றைக்கும் வயலில் ஆட்களைக் கொல்கின்றன. அவர்கள் 2016இல் தங்களுக்கென்று பதினெட்டாவது இலக்கு ஒன்றைத் தாங்களே எழுதிச் சேர்த்துக்கொண்டார்கள், வெடிபொருளில்லாத வாழ்க்கை என்று. கம்போடியாவும் அப்படி ஒன்று எழுதியது. இலங்கை 2017 டிசம்பரில்தான் கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது, முகமாலைப் பக்கம் முகக்கவசமும் போட்டுக்கொண்டு கண்ணிவெடி அகற்ற மண்ணைக் கிளறும் பெண்களை உங்கள் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள், சிலருக்கு அது அம்மாவாகவும் இருக்கலாம். வன்னிக்குப் பதினெட்டாவது இலக்கு என்னவாக இருக்க வேண்டும் என்று ஒரு டிமை தாளில் எழுதச் சொல்லுங்கள், அதோடு அது நிறைவேறியதா என்று எதை அளந்து சொல்வது என்பதையும். இரண்டாவது பகுதிதான் கஷ்டம், பெரியவர்களும் தடுமாறுவது அங்கேதான்.

பொருளாதாரத் தொடர்புகளுக்கு 2021, 22ஐ எடுங்கள், உங்கள் பிள்ளைகள் அப்போது சின்ன வகுப்பில் இருந்தாலும் பெற்றோல் வரிசையும் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டும் ஞாபகம் இருக்கும். நடுவில் '2021 காலபோகம், விளைச்சல் விழுந்தது' என்று எழுதி, ஏன் ஏன் என்று பின்னால் போகச் சொல்லுங்கள். இரசாயனப் பசளைக்குத் தடை, அதற்குப் பின்னால் டொலர் இல்லை, அதற்குப் பின்னால் கொரோனாவில் நின்றுபோன சுற்றுலா, வரிக்குறைப்பு, ஏறிப்போன வெளிநாட்டுக் கடன். பிறகு முன்னால் போகட்டும்: நவம்பரில் தடை நீங்கியும், 2022 பெப்ரவரியில் உக்ரேன் யுத்தம் தொடங்கிப் பசளை விலை ஏறியது, ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்தியது, 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் வந்தது. ஒன்றை மட்டும் கவனியுங்கள், எல்லாவற்றுக்கும் வெளிநாடுதான் காரணம் என்றோ, எல்லாவற்றுக்கும் கொழும்புதான் காரணம் என்றோ வகுப்பு ஒரே பக்கம் சாயத் தொடங்கினால் சாம்பியாவைக் கொண்டுவாருங்கள். 2020இல் கடன் கட்ட முடியாமல் நின்ற செப்பு விற்கும் நாடு. எங்களுக்கும் அவர்களுக்கும் பொது எது, வேறு எது என்று பார்க்கும்போது சாய்வு கொஞ்சம் நிமிரும்.

நாச்சிக்குடா, பூநகரிப் பக்கத்துப் பிள்ளைகள் இருந்தால் நண்டையும் எடுக்கலாம். நீல நண்டு இறைச்சி தகரத்தில் அடைபட்டு அமெரிக்காவுக்குப் போகிறது, 2025 ஏப்ரலில் அங்கே இலங்கைப் பொருளுக்கு 44 சதவீத வரி என்றார்கள், ஓகஸ்டில் 20 ஆக்கினார்கள். வலை இழுத்தவருக்கு அதில் சொல்ல என்ன இடம் இருக்கிறது என்று கேட்டாலே போதும்.

இணையத்தைப் பற்றிப் பெரிதாக யோசிக்க வேண்டாம். வீட்டிலோ கந்தோரிலோ இணைப்பு நன்றாக இருக்கும்போது டொலர் ஸ்ட்ரீட் என்ற இலவசத் தளத்துக்குப் போய், வெவ்வேறு நாட்டு வீடுகளின் அடுப்பு, பல்துலக்கி, படுக்கை என்று சில படங்களை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாடு என்பதை மறைத்து, வருமானப்படி அடுக்கச் சொல்லுங்கள். ஆபிரிக்கா என்றால் பட்டினி, ஐரோப்பா என்றால் மாளிகை என்ற நினைப்பு எங்கள் பிள்ளைகளிடமும் உண்டு, எங்களையே அப்படிப் படம் பிடித்துக்கொண்டு போனவர்கள் இருந்தும்கூட.

கடைசியாகப் பரீட்சை. பகுதித் தலைவரும் வலயத்து ஆலோசகரும் புள்ளி எங்கே என்று கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். மேலே சொன்ன ஒவ்வொன்றையும் ஒரு பாடசாலைமட்டக் கணிப்பீடாகப் பதியலாம். எழுத்துக்கு இப்படி ஒரு வினா கொடுங்கள்: 'மனித அபிவிருத்திச் சுட்டியில் இலங்கை உயர் பிரிவில் உள்ளது. ஆயினும் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வறுமை கூடுதலாக உள்ளது. இவ்விரு கூற்றுகளும் ஒருங்கே உண்மையாக இருப்பது எவ்வாறு என விளக்குக.' பத்துப் புள்ளி. சுட்டியின் மூன்று கூறுகளைச் சொன்னால் மூன்று, சராசரி மறைக்கிறது என்பதை ஒரு தரவோடு காட்டினால் நாலு, இதே மாதிரி இன்னொரு நாட்டிலோ மாவட்டத்திலோ ஓர் உதாரணம் கொடுத்தால் மூன்று. மனனம் செய்த பிள்ளைக்கும் முதல் மூன்று கிடைக்கும், பயப்பட வேண்டாம்.