பழைய தொடர்கதைகள்: கேளுங்கள், சொல்கிறேன்

சேலத்திலிருந்து: படம் பார்த்துவிட்டு 'பொன்னியின் செல்வன்' தொடங்கினேன். ஏன் சார் இவ்வளவு இழுவை?

1950 அக்டோபரிலிருந்து 1954 வரை கல்கி இதழில் வாராவாரம் வந்த கதை அது. போன வாரம் நடந்தது வாசகருக்கு மறந்திருக்கும். அதனால்தான் ஒரே சங்கதியை இரண்டு மூன்று பேர் திரும்பச் சொல்கிறார்கள். ஒரே மூச்சில் படித்தால் அலுக்கத்தான் செய்யும். இரவுக்கு இரண்டு அத்தியாயம் போதும். சுருக்கப் பதிப்பு மட்டும் வாங்காதீர்கள். ஒற்றன் ஆழ்வார்க்கடியானின் வம்பு போய்விட்டால் அப்புறம் என்ன இருக்கிறது?

கோவை: எந்தப் பதிப்பகம் நல்லது?

நாட்டுடைமையான எழுத்து, பலரும் அச்சிடுகிறார்கள். ஐந்து பாகமும் இருக்கிறதா, அச்சுப்பிழை எப்படி என்று நாலு பக்கம் புரட்டுங்கள். மணியத்தின் ஓவியங்கள் இருந்தால் கூடுதல் காசு கொடுக்கலாம். சுருக்கம் வேண்டாம்.

மதுரை: ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்?

நாவலில் கல்கி வேண்டுமென்றே முடிச்சை அவிழ்க்கவில்லை. காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடிக் கல்வெட்டில் பெயர்களே இருக்கின்றன: சோமன், ரவிதாசன், பரமேசுவரன். கல்வெட்டு ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. நாவலில் வரும் நந்தினி முழுக்கக் கற்பனை.

கும்பகோணம்: ராஜராஜன் வரும்வரை நடவடிக்கையே இல்லையே. அப்படியானால் அவனுக்கு முன் ஆண்ட உத்தம சோழன்தானே ஆள் வைத்தது?

வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரிக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. இன்னொரு வரலாற்றாசிரியர் சதாசிவ பண்டாரத்தார் ஒப்பவில்லை. நானும் அவர் பக்கம்தான். அந்தக் கல்வெட்டு பேசுவது துரோகிகளின் நிலத்தை விற்றதைப் பற்றி. விசாரணை எப்போது தொடங்கியது என்று அதில் இல்லை. இன்னொன்று, உத்தமனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் ராஜராஜனிடமே கோயில் காரியங்களைப் பார்த்த அதிகாரி. அண்ணனைக் கொன்றவன் மகனுக்கு யார் பதவி கொடுப்பார்?

கும்பகோணம், மறுபடியும்: கண்ணெதிரே வைத்துக் கண்காணிக்கத்தான் ஐயா!

நல்ல அத்தியாயம் ஆகும். எழுதுங்கள், படிக்கிறேன். ஆதாரம் ஆகாது.

திருச்சி: கரிகாலனைக் கொன்றது யார் சார்?

மேலே.

நெல்லை: உத்தமன் பாவம் ஐயா, செம்பியன் மாதேவி பிள்ளை...

தாயின் புண்ணியம் சாட்சி சொல்லாது. என் பக்கம் பேசுகிறீர்கள் என்பதற்காக விட முடியுமா?

ஈரோடு: சாண்டில்யனின் 'கடல் புறா' இன்று படிக்க முடியுமா?

முடியும். கப்பல் சண்டை இன்றும் விறுவிறுப்புதான். நாயகி வர்ணனை வந்தால் பக்கத்தைத் தள்ளுங்கள்.

சென்னை: கொலை பற்றி...

மேலே பாருங்கள் அம்மா, இரண்டு முறை சொல்லியாயிற்று.

வேலூர்: பதிமூன்று வயது மகளுக்குப் 'பொன்னியின் செல்வன்' சுருக்கப் பதிப்பு வாங்கலாமா?

கூடாது! 'பார்த்திபன் கனவு' கொடுங்கள். முழுசாகவே சின்னது.